கீழ்வீட்டு ஈயம்

துணி காயவைக்கும் மெசினுக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது மெசினைத்தான். பழைய சாமான், வாடகை வீட்டோடு வந்தது. நிறுத்திக் கதவைத் திறந்து, மகளின் காலுறைகளுக்கும் கணவர் உடுக்கிற சாரத்துக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினேன். விரலில் அகப்பட்டது ஒரு சன்னம்.

சன்னம் என்றால் துப்பாக்கிச் சன்னம்தான். கோது இல்லை, வெடிமருந்து இல்லை. பறந்து போய்த் துளைக்கிற அந்தத் தலைப்பகுதி மட்டும். சாம்பல் நிறம், சுண்டுவிரல் நுனியளவு. மெசினின் சூட்டோடு என் உள்ளங்கையில் கிடந்தது. இந்தப் பனி தேசத்தில், லாசாலில் ஒரு மேல்மாடி வீட்டில், சனிக்கிழமை பின்னேரம், குழந்தைத் துணிகளுக்குள் அதற்கு என்ன வேலை என்று விளங்கவில்லை. ஆனால் அது இன்னதென்று அடையாளம் காண எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. என் வலது முழங்காலுக்குள் அதன் இனசனம் ஒன்று பதினைந்து வயதிலிருந்து குடியிருக்கிறது.

அந்தக் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது ஒரு கதையே இல்லை. ஊரில் கடைசிச் சண்டையின்போது ஓடுகையில் பட்டது. தறப்பாள் கூரை கட்டிய ஆஸ்பத்திரியில், நித்திரை கண்டு பல நாளான ஒரு டொக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எடுக்க மருந்துமில்லை, நேரமுமில்லை பிள்ளை. கிடக்கிற இடத்தில கிடக்கட்டும். ஒண்டும் செய்யாது" என்றார். அதுவும் அப்படியே கிடந்தது. பனி கொட்டப்போகிறதென்றால் ரேடியோக்காரனுக்கு முந்தி முழங்கால் எனக்குச் சொல்லிவிடும். விமான நிலையத்தில் நான் நுழைந்தால் சோதனைக் கதவு கத்தும். "நாங்கள் கீழ்வீட்டு ஐயாவுக்கு வாடகைக்கு இருக்கிறம், அது உமக்கு வாடகைக்கு இருக்குது" என்று கணவர் என் முழங்காலைக் காட்டிப் பகிடி விடுவார். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் இப்படி எத்தனையோ பேர். ஒருவருக்குத் தோளில், இன்னொருவருக்கு முதுகில். கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாலும் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

ஆகவே மெசினுக்குள் கிடந்த சன்னத்தைக் கண்டு நான் பயப்படவில்லை. அது என் புருசனின் சாரத்தில் இருந்துதான் விழுந்திருக்கும் என்பதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அவர் முன்னறையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சேருங்கோ, இது என்ன?"

பார்த்தார். "சன்னம்."

"அது எனக்கும் தெரியும். உங்கட சாரத்துக்க என்ன செய்யுது?"

"கீழ ஐயா கராஜில ஊத்துறவர். போய்ப் பாத்தனான். ஒண்டு மடிப்புக்க விழுந்திருக்கும்."

"பாத்தனீங்களோ, ஊத்தினனீங்களோ?"

மகளின் தலையைத் தடவினார். "கொஞ்சம் ஊத்தினனான்" என்றார்.

எனக்கு ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிம்மதி. ஏனென்றால் ஒரு மாதமாக அவர் மேல் எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு "கீழ போட்டு வாறன்" என்று இறங்குவார். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்ததும் வராததுமாக நேரே குளியலறைக்குள் போய்க் குளிப்பார். வெள்ளிக்கிழமை விரதத்துக்கே சொல்லிச் சொல்லிக் குளிக்கவைக்க வேண்டிய மனுசன். சனிக்கிழமை பின்னேரம் தானாகக் குளிக்கிற ஆம்பிளையை எந்தப் பெண் நம்புவாள்?

கீழ்வீட்டு மனுசன் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரர், எழுபது கடந்தவர், மனைவி இல்லை. ஞாயிறு காலைகளில் நீளமான பை ஒன்றை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு சுடும் கழகத்துக்குப் போவார். கடதாசி வட்டத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு, வரும்போது பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வருவார். அதற்கு வேண்டிய சன்னங்களைக் கடையில் வாங்காமல், பின் ஒழுங்கையைப் பார்த்த கராஜில் தானே உருக்கி ஊற்றுவார். அது அவருக்குப் பொழுதுபோக்கு. சிலர் தக்காளி நடுவதுபோல.

ஈயம் எங்கிருந்து வந்தது என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். கணவருக்கு டயர் கடையில் வேலை. சில்லு ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பில் சின்னச் சின்னத் துண்டுகள் பொருத்துவார்கள், வெயிட் என்பார்கள். குளிர்கால டயர் மாற்றும் நாட்களில் கழற்றிப் போட்ட பழைய வெயிட்டுகள் கடையில் வாளி வாளியாகச் சேரும். அதில் ஈயமாக இருக்கிறவற்றைப் பொறுக்கி முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து ஐயாவிடம் கொடுத்திருக்கிறார். ஐயா ஒருநாள் "வந்து பார்" என்றிருக்கிறார். இவர் போயிருக்கிறார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

"எங்கட சனத்தைத் துளைச்ச சாமான். அதைப் போய் ஊத்துறீங்களே, கை கூசேல்லையோ?"

"இது கடதாசியைத்தான் துளைக்கும்."

"ஏன் ஊத்துறீங்கள், அதைச் சொல்லுங்கோ."

"நாள் முழுக்கச் சில்லுக் கழட்டிறன், பூட்டிறன். பேந்தும் கழட்டிறன். அங்க ஒரு அச்சில ஊத்தித் திறந்தா, ஒண்டு முழுசா வருது. பாக்க நல்லா இருக்கு" என்றார்.

பிள்ளை மேல் சத்தியம் பண்ணுங்கள், இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன். "பிள்ளையை ஏன் இதுக்க இழுக்கிறீர்?" என்று எழும்பிப் போய்விட்டார். சத்தியம் பண்ணாத ஆளை எப்படி நம்புவது? அன்றிலிருந்து நான் குசினி யன்னலடியில் காவல் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கராஜின் வாசல் தெரியும்.

பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடியது. வெயில் கொளுத்துகிற நாளில் தடித்த கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் என்ன செய்கிறார்? காற்றை வெளியே தள்ளுகிற பெரிய விசிறி ஏன்? வெள்ளைக்காரர் சப்பாத்தோடு கட்டிலில் ஏறுகிறவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த மனுசன் மட்டும் கராஜ் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காலுறையோடு வீட்டுக்குள் போகிறார். மறைக்க ஏதோ இருக்கிறதென்று எனக்குப் பட்டது.

ஒரு சனிக்கிழமை, உளவு பார்க்கிற எண்ணத்தோடுதான், ஒரு கிளாசில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மகளை இடுப்பில் வைத்தபடி இறங்கிப் போனேன். கராஜுக்குள் பெரிய சோற்றுப்பானையளவில் ஒரு மின்சார உருக்குப் பானை. அதற்குள் ஈயம் கண்ணாடிபோல் மினுங்கியது. கணவர் சின்னக் கரண்டியால் அள்ளி இரும்பு அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் இருந்த அமைதியை நான் வீட்டில் கண்டதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் வாசற்படியில் கால் வைத்ததும் கிழவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு "நோ, நோ, மதாம்!" என்று கத்தினார். முதலில் கிளாசைக் காட்டினார். பிறகு மகளைக் காட்டினார். பிறகு வெளியே போகும்படி கையால் தள்ளுவதுபோல் காட்டினார். நான் முகம் சிவக்க மேலே ஏறி வந்தேன். நான் கொண்டுபோன தண்ணீரும் தீட்டு, என் பிள்ளையும் தீட்டு, என் புருசனின் கை மட்டும் தேவை என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் கத்தினேன்.

"உருகின ஈயத்துக்க ஒரு துளி தண்ணி பட்டாலும் வெடிச்சுச் சிதறும். பிள்ளையளுக்கு அந்தத் தூசியே கூடாதாம். அதுதான்" என்றார் கணவர்.

"நல்லாச் சொல்லித் தந்திருக்கிறார்" என்றேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று முணுமுணுத்தார். அது என் காதில் விழ வேண்டும் என்றுதான் முணுமுணுத்தார்.

மகளுக்கு அப்போது பதினேழு மாதம். நன்றாகத் தவழ்ந்து நடந்து ஓடித் திரிந்த பிள்ளை, சோர்ந்து சோர்ந்து படுக்கத் தொடங்கினாள். முகம் வெளிறியது. கார்டரியில், பகலில் பிள்ளையை விடுகிற இடத்தில், கொடுக்கிற சாப்பாட்டைத் துப்பினாள், வீட்டுச் சோற்றையும் துப்பினாள். என் பாலை மட்டும் குடித்தாள். இரத்தம் குறைவாக இருக்கும் என்று சொல்லித்தான் டொக்டர் இரத்தம் எடுத்தார். நாலு நாள் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். இரத்தம் குறைவுதான், ஆனால் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது, இருக்கக்கூடாத அளவில் இருக்கிறது என்றார். இது மூளை வளர்கிற வயது, எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து உடனே நிறுத்த வேண்டும் என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் யன்னலால் கராஜைப் பார்த்தேன். எனக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

சுகாதாரப் பகுதியில் இருந்து ஒரு தாதி அடுத்த நாள் கதைத்தார். என் பிரெஞ்சு கடை கண்ணிக்குக் காணும், இதற்குக் காணாது என்று மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணையும் இணைப்பில் எடுத்தார்கள். பழைய வீடோ, சுவரில் பெயின்ட் உரிகிறதோ, குழாய்த் தண்ணீர் குடிக்கிறீர்களோ, மஞ்சள் தூள் எங்கே வாங்குகிறீர்கள், பிள்ளைக்கு மை பூசுகிறீர்களோ என்று கேள்விகள் வரிசையாக வந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் பொறுமையில்லாமல் பதில் சொன்னேன்.

"அக்கா, வீட்டில ஆராவது ஈயத்தோட வேலை செய்யிறவையோ? இல்லாட்டி பொழுதுபோக்குக்கு, மீன்பிடிக்கிற குண்டு, சன்னம், அப்பிடி ஏதும் ஊத்துறவையோ?"

"அதைத்தானே தங்கச்சி இவ்வளவு நேரமும் சொல்லக் காத்திருக்கிறன்" என்றேன். சொன்னேன். விசிறி, முகமூடி, கழற்றி வைத்த சப்பாத்து, ஒன்றும் விடாமல் சொன்னேன். கணவர் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தானும் போய் ஊற்றுவதை நான் சொல்வேனோ என்று பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் சொன்னேன்.

இரண்டு பெண்கள் நீலக் கையுறையோடு வந்தார்கள். நிலத்தை, யன்னல் விளிம்பை, மகளின் கட்டிலை ஈரக் கடதாசியால் துடைத்துத் துடைத்துக் குப்பிகளுக்குள் போட்டார்கள். தண்ணீர் பிடித்தார்கள். மஞ்சள் தூளில் ஒரு கரண்டி, மிளகாய்த் தூளில் ஒரு கரண்டி, பொட்டுப் பெட்டியில் இருந்து மை. பிறகு கீழே கராஜுக்குப் போனார்கள். நான் யன்னலடியில் நின்றேன். கிழவர் கதவை அகலத் திறந்து விட்டார். கடதாசிகள் அடுக்கிய ஒரு கோவையை எடுத்துவந்து அவர்களுக்குக் காட்டினார். அவர்கள் உள்ளே இருந்தபோது அவர் வெளியே வந்து நின்று, நிமிர்ந்து என் யன்னலைப் பார்த்தார். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கராஜ் பூட்டியே கிடந்தது. வீட்டை விட்டு எழும்பச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். ஆனால் படியில் கண்டால் பழையபடி தொப்பியைத் தொட்டு "போன்ஜூர், மதாம்" என்றார். கோபப்பட்டிருந்தால் நம்பியிருப்பேன். கோபப்படாதது எனக்குப் பெரிய கள்ளத்தனமாகத் தெரிந்தது.

கணவரின் சாரங்கள் நாலையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். வேலையால் வந்தால் வாசலிலேயே உடுப்பைக் கழற்ற வேண்டும், குளிக்கும்வரை பிள்ளையைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். அவர் அப்படியே செய்தார். குளித்துவிட்டு வந்தும்கூட, மகள் கையை நீட்டினால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்தால்தான் தூக்குவார். அதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, பழிவாங்கினதுபோல் ஒரு திருப்தியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

விளையாட்டுச் சாமான்களை எறிந்தேன். தட்டுகளை மாற்றினேன். மாப்பால் டின்னில் என்ன எழுதியிருந்தாலும் நான் நம்பவில்லை. கார்டரிச் சாப்பாட்டை நிறுத்தினேன், குழாய்த் தண்ணீரை நிறுத்தினேன், கடைசியில் கார்டரியையே நிறுத்தினேன். நான் நம்பியது ஒன்றைத்தான். டொலார்டில் இருக்கிற என் அக்காவும் அதைத்தான் சொன்னா.

"தாய்ப்பால் எந்த நஞ்சையும் முறிக்கும். வேற ஒண்டையும் யோசியாதை, விடாமக் குடு. மற்றது, அந்த வீட்டை விட்டு எழும்பு."

வீடு தேடத் தொடங்கினேன். பாலை விடாமல் கொடுத்தேன். முன்பு காலையிலும் மாலையிலும் படுக்கும்போதும் கொடுத்ததை, இப்போது அவள் சிணுங்கினால் கொடுத்தேன், சிணுங்காவிட்டாலும் கொடுத்தேன். மற்றதெல்லாம் ஊரார் கை பட்டது, இது மட்டும் என்னுடையது என்று நினைத்தேன். அவள் குடிக்கும்போது, கழுவிக்கொண்டு போகட்டும், எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவளும் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து விளையாடிக்கொண்டு குடிப்பாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். ஈயம் குறையவில்லை. கூடியிருந்தது.

அதே நாளில் மற்ற முடிவுகளும் வந்தன. எங்கள் வீட்டு நிலம் சுத்தம். தண்ணீர் சுத்தம். மஞ்சள், மிளகாய், மை எல்லாம் சுத்தம். கராஜில் வேலை மேசையில் மட்டும் ஈயத்தூசி, வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கிழவர் இருபது வருடமாக ஆண்டுக்கு இரண்டு முறை தன் இரத்தத்தைச் சோதிக்கிறவராம், அந்தக் கோவைதான் அன்றைக்குக் காட்டினாராம். கணவரின் இரத்தத்தில் சாதாரண ஆட்களைவிடக் கொஞ்சம் அதிகம், பயப்பட ஏதுமில்லை. கிழவர் கணவரைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும், வீட்டுக்குப் போனவுடன் குளிக்கச் சொன்னதும், பிள்ளையை உள்ளே விடாததும் எதற்கென்று தாதி தொலைபேசியில் மொழிபெயர்ப்புப் பெண் மூலம் எனக்கு விளக்கிச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், நம்பவில்லை. எங்கேயோ எதையோ ஒளித்துவிட்டார்கள் என்றேன்.

"அம்மாவின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும்" என்றார் தாதி.

"நான் அந்தக் கராஜுக்க காலே வைக்கேல்லை" என்றேன்.

வைத்துவிட்டேன், தொலைபேசியை. கணவர் எங்கள் கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் மேல் சத்தம் போட்டார்.

"என்னைச் சோதிச்சாச்சு. கிழவரைச் சோதிச்சாச்சு. மஞ்சள் தூளைக்கூடச் சோதிச்சாச்சு. இந்த வீட்டில மிச்சம் நீர் ஒராள்தான். போய்க் கையை நீட்டும்!"

அந்தக் கோபத்தில்தான் போய் நீட்டினேன். என்னில் ஒன்றுமில்லை என்று காட்டி, அவருடைய வாயை அடைக்க வேண்டும் என்று நீட்டினேன்.

அவர்கள் கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை காலை. மகள் மடியில் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டேன். அதே மொழிபெயர்ப்புப் பெண்.

"அக்கா, இருந்து கொண்டோ கதைக்கிறீங்கள்?"

"ஓம், சொல்லுங்கோ."

"உங்கட இரத்தத்தில மகளைவிட மூண்டு மடங்கு இருக்காம்."

தாதி பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொல்வது கேட்டது. அந்தப் பெண் மொழிபெயர்த்தாள்.

"அவ ஒரு கேள்வி கேக்கிறா. அக்கா, உங்கட உடம்பில எங்கயாவது சன்னம், வெடிபட்ட துண்டு ஏதும் இருக்கோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுவும் ஒரு கேள்வியா? "எங்கட சனத்தில ஆரிட்டத் தங்கச்சி இல்லை? முழங்காலுக்க ஒண்டு கிடக்கு. அது பதினேழு வருசமாக் கிடக்கு. ஒண்டும் செய்யாதெண்டு டொக்டரே சொன்னவர்."

சொல்லிக்கொண்டு போகும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் அவள் அதை மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டாள். அவளும் எங்கள் பிள்ளைதான். அவளுடைய வீட்டிலும் யாருக்கோ இருந்திருக்கும். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்.

"அக்கா, பிள்ளைக்கு இன்னும் பால் குடுக்கிறீங்களோ?"

நான் குனிந்து பார்த்தேன். மகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாயிலிருந்து என்னைப் பிடுங்கி எடுத்தேன். அவள் வீரிட்டு அழுதாள்.

சன்னம் எலும்புக்குள்ளோ தசைக்குள்ளோ கிடந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாதாம். மூட்டுக்குள் கிடந்தால், அங்கே ஊறுகிற நீர் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குமாம். கரைந்தது இரத்தத்துக்குப் போகும், எலும்பில் போய்ச் சேரும். பிள்ளை உண்டாகி, பால் சுரக்கிற காலத்தில் உடம்பு எலும்பைக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறதாம். அதோடு இதுவும் போகும். எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் படம் போட்டுக் காட்டி விளக்கினார். முழங்காலின் எக்ஸ்ரேயையும் காட்டினார். வெள்ளையாக, நுனி மழுங்கி, சுற்றிவரப் பொடிப் பொடியாக உதிர்ந்து கிடந்தது. சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்றார். பாலை இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்றார். நிறுத்தினால் பிள்ளையின் இரத்தத்தில் குறையும், குறையக் குறையப் பார்ப்போம் என்றார். மூளைக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று கேட்டேன். வளரும்போதுதான் தெரியும் என்றார். பொய் சொல்லாததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் அன்றைக்கு என்னால் முடியவில்லை.

உலகத்தில் எல்லாரையும் சந்தேகித்த நான், தறப்பாளுக்குள் ஒருவர் சொன்ன ஒரு வசனத்தை மட்டும் அப்படியே நம்பியிருந்தேன். அவரிலும் பிழையில்லை. அன்றைக்கு அவருக்கு எங்களை உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் ரோட்டையே பார்த்துக் காரை ஓட்டினார். "சொல்லுங்கோ" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல?"

"என்னைப் பேசுங்கோ. உங்கட சாரத்தை எறிஞ்சன். உங்களைப் பிள்ளையைத் தொட விடேல்லை. வாயைத் திறந்து பேசுங்கோ."

"வீட்டில சாரம் இல்லை" என்றார். "போறவழியில ஒண்டு வாங்குவம்."

தமிழ்க் கடைகள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் நிறுத்தினோம். அவர் சாரம் வாங்கினார். நான் மளிகைக் கடைக்குள் போய் ஒரு போத்தல் வேப்பெண்ணெய் வாங்கினேன்.

அன்று பின்னேரம் மகளைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். கராஜ் திறந்திருந்தது. கிழவர் பானை, அச்சு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளையைக் கண்டதும் பழையபடி கையை உயர்த்தி நிற்கச் சொன்னார். நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன். அவர் கையுறையைக் கழற்றி, சப்பாத்தைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வர அவ்வளவு நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று நான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

என் பிரெஞ்சு இதற்குக் காணாது. முழங்காலைக் காட்டி, ஈயத்துக்கு அவர்கள் சொல்கிற சொல்லைச் சொன்னேன். சுடுவதுபோல் விரலால் காட்டினேன். பிறகு என் நெஞ்சைக் காட்டி, மகளைக் காட்டினேன். மன்னியுங்கள் என்பதற்கு "பார்தோன்" என்றேன். வேறொன்றும் வரவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் முழங்காலையே பார்த்தார். பிறகு எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்:

"நான் இதைத் தொடக் கையுறை போடுகிறேன், மதாம்."

பெட்டி கட்ட வேண்டாம், ஊற்றுங்கள் என்று கையால் காட்டினேன். அவர் தலையாட்டி மறுத்தார். மேல்வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்வரைக்கும் வேண்டாம் என்றார்.

அடுத்த நாள் காலையில் வேப்பெண்ணெயை எடுத்து மார்பில் தடவினேன். எங்கள் பக்கத்தில் பால் மறக்கப்பண்ண எல்லாரும் செய்கிற வேலைதான். மகள் ஓடிவந்து சட்டையை விலக்கி வாயை வைத்தாள். முகம் கோணியது. வாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்னவோ பிழை நடந்துவிட்டது, அம்மா சரிப்படுத்துவாள் என்று நினைத்தாளாக்கும், இன்னொரு தடவை வைத்தாள். பிறகு துப்பினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மார்பு கட்டி வலித்தது; மெசினடியில் போய் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் ஒரு கப்பில் பசுப்பால் ஊற்றி நீட்டினேன். அவள் கிட்ட வரவில்லை. கப்புக்குள் எட்டிப் பார்த்தாள். மணந்து பார்த்தாள். புருவத்தைச் சுருக்கி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், கையை, திரும்பவும் முகத்தை. கப்பை வாங்கி, புதுச்சாரத்தோடு இருந்த தகப்பனிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் குடித்தாள், குடிக்கும்போதும் கப்பின் விளிம்புக்கு மேலால் என்னைக் கவனித்துக்கொண்டே குடித்தாள்.

எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான் சரியான ஆளைச் சந்தேகித்தாள்.